பர்மாவுக்குப் போகாத பர்மா வீரன்



கடற்கரை மணலிலே இரண்டு பேர் வாள் சுழற்றுகிறார்கள். ஒருவன் பிரெஞ்சுக் கடற்கொள்ளைக்காரன். மற்றவன் அடிமையாக விற்கப்பட்டு, தப்பியோடி, பின்பு தானும் கடற்கொள்ளைக்காரனாகிவிட்ட ஐரிஷ் வைத்தியன். பாறைமேல் ஏறியும் அலைநுரையில் கால் நனைத்தும் நடக்கும் அந்தச் சண்டையின் முடிவில் பிரெஞ்சுக்காரன் குத்துண்டு விழுகிறான். கிடக்கிறவன்மீது கடலலை வந்து புரண்டு போகிறது. 1935ஆம் ஆண்டில் ஹொலிவூட்டின் வோர்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'கப்டன் பிளட்' என்ற படத்தின் புகழ்பெற்ற காட்சி இது. வென்றவர் எரோல் ஃபிளின். தோற்றவர் பசில் ரத்போன். பிற்காலத்தில் துப்பறியும் ஷேர்லொக் ஹோம்ஸாக நடித்துப் பலரும் அறிந்த அதே ரத்போன்தான்.

வாள்வீச்சிலே உண்மையாகக் கைதேர்ந்தவர் தோற்றவர்தான் என்பது படவுலகில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஃபிளின் அழகாக வாள் பிடிப்பார், அவ்வளவே. அவருக்கு ஒவ்வோர் அடியையும் சொல்லிக்கொடுத்தவர் பிரெட் கேவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு வாள்வீச்சு ஆசான். ஆனால் இன்று நான் சொல்ல வந்த விடயம் வாள்வீச்சுப் பற்றியதன்று. ரத்போன் முதலாம் உலகப் போரில் பிரான்சின் போர்முனையில் நின்றவர். பட்டப்பகலில், இலை தழைகளை உடம்பிலே கட்டிக்கொண்டு எதிரியின் பதுங்குகுழி வரை ஊர்ந்து போய் உளவறிந்து திரும்பியவர். 1918இல் அதற்காக இராணுவச் சிலுவை என்ற விருதைப் பெற்றவர். அவருடைய இளைய சகோதரர் அதே ஆண்டு அதே போரில் மடிந்தார். திரையிலே ஃபிளினின் வாளுக்கு இரண்டு முறை இரையானவர் இப்படிப்பட்ட மனிதர்.

ஃபிளினுக்கும் உண்மையான போருக்கும் என்ன தொடர்பு? அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஆயிரம் துணுக்குகளுள் இந்தக் கேள்விக்கு விடை சொல்பவை சில. அவற்றைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் ஒன்று நம்முடைய பேராதனைக்கும் வந்து சேரும்.

எரோல் லெஸ்லி தொம்ஸன் ஃபிளின் 1909 ஜூன் 20இல் அவுஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான தஸ்மேனியாவில், ஹோபார்ட் நகரிலே பிறந்தவர். தந்தை தியடோர் ஃபிளின் ஓர் உயிரியல் அறிஞர். தஸ்மேனியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, பின்பு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் விலங்கியல் பேராசிரியரானவர். மகனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. சிட்னியிலே ஒரு பெயர்பெற்ற பாடசாலையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பதினெட்டு வயதில் நியூகினித் தீவுக்குப் போனார். அரசாங்க உத்தியோகத்துக்குப் பயிற்சி, தென்னந்தோட்ட மேற்பார்வை, பொன் தேடுதல், புகையிலைச் செய்கை என்று கைவைத்துப் பார்க்காத தொழிலில்லை. ஒன்றும் நிலைக்கவில்லை. நிலைத்தது மலேரியாக் காய்ச்சல் ஒன்றுதான். ஆயுள் முழுவதும் அது அவரை விட்டபாடில்லை. இந்தக் காய்ச்சலை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னால் அது கதைக்குள் வரும்.

நடிப்புக்கு அவர் வந்ததும் தற்செயல்தான். 1933இல் சார்ள்ஸ் ஷோவெல் என்ற அவுஸ்திரேலிய நெறியாளர், 'பவுண்டி' கப்பலிலே நடந்த கலகத்தைப் படமாக்கியபோது, கலகத் தலைவனான பிளெச்சர் கிறிஸ்டியன் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. அதன்பின் இங்கிலாந்துக்குப் போய் நோர்தாம்டன் நகர நாடகக் குழுவில் சில மாதங்கள் நடித்தார். அங்கிருந்து வோர்னர் நிறுவனத்தின் இலண்டன் கிளை. அங்கிருந்து ஹொலிவூட். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேடம் என்ன தெரியுமா? பிணம்! 1935இல் ஒரு துப்பறியும் படத்தில் பிணமாகக் கிடந்தவர், அதே ஆண்டு முடிவதற்குள் 'கப்டன் பிளட்' படத்தின் கதாநாயகனானார். அந்தப் பாத்திரத்துக்கு முதலில் பேசப்பட்டிருந்தவர் ரொபர்ட் டொனற் என்ற பிரித்தானிய நடிகர். அவர் வராமற் போகவே, பெயரறியாத இளைஞன் ஒருவனை நம்பி நிறுவனம் பெரும் பணத்தைக் கொட்டியது. உடன் நடித்த ஒலிவியா டி ஹவிலண்டுக்கு அப்போது வயது பத்தொன்பது. இருவரும் எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்தார்கள். ஒலிவியா 2020ஆம் ஆண்டில், தம்முடைய 104ஆவது வயதில் பாரிஸ் நகரிலே காலமானார். ஃபிளின் போய் அறுபது ஆண்டுகள் கடந்த பின்பு!

நட்சத்திரம் ஒன்று கிடைத்தவுடன் நிறுவனத்தின் விளம்பரப் பகுதியார் செய்த முதல் வேலை, அவருக்கு ஒரு புதிய வரலாறு எழுதியதுதான். தஸ்மேனியா எங்கே இருக்கிறது என்று அமெரிக்க ரசிகர்களுக்குத் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ, அவரை அயர்லாந்துக்காரராக்கினார்கள். 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் அவுஸ்திரேலியாவுக்காகக் குத்துச்சண்டை போட்டவர் என்றும் எழுதினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஃபிளினும் மறுத்துப் பேசவில்லை. கதை சொல்வதில் அவர் விளம்பரக்காரர்களுக்கும் மேலே ஒரு படி போகக்கூடியவர். அவருடைய சுயசரிதையைப் படிக்கிறவர் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சிட்டிகை உப்பை வைத்துக்கொள்வது நல்லது.

1938இல் வந்தது 'ரொபின் ஹூட்டின் சாகசங்கள்'. ஏறத்தாழ இருபது லட்சம் டொலர் செலவில், டெக்னிகலர் வண்ணத்திலே எடுக்கப்பட்ட படம். அதுவரை அந்த நிறுவனம் எடுத்த படங்களுள் அதிகம் செலவானது இதுவே. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் காட்டு வீரனின் கதை. நம்மவர்களுக்கு இதன் வாசனை நன்றாகத் தெரியும். இலங்கையிலே பிறந்து தமிழ்த் திரையை ஆண்ட எம்.ஜி.ஆர். நடித்து 1951இல் வெளிவந்த 'மர்மயோகி'யில் ரொபின் ஹூட்டின் சாயல் பதிந்திருந்ததை அக்காலத்து ரசிகர்கள் கண்டுகொண்டார்கள். வாளோடு படிக்கட்டில் தாவுவதும், எதிரியின் வாள் தவறி விழுந்தால் பொறுத்திருந்து எடுக்கவிடுவதும் மொழி கடந்து வந்த பண்புகள்.

அந்தப் படத்தைப் பற்றிய துணுக்குகளுள் அம்பு பற்றியது பலருக்குத் தெரியும். அம்பு பாய்ந்து விழுகிறவர்களின் மார்பிலே உடுப்புக்குள் கவசம் வைத்து, உண்மையான அம்பையே எய்தார்கள். எய்தவர் ஹவார்ட் ஹில் என்ற பெயர்பெற்ற வில்லாளர். மார்பில் அம்பு வாங்கியவருக்கு ஓர் அம்புக்கு 150 டொலர் கூலி. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இசையமைப்பாளரின் கதை. எரிக் வோல்வ்காங் கொர்ன்கோல்ட் வியன்னா நகரத்து யூதர். அங்கே மேதை என்று கொண்டாடப்பட்டவர். 1938 ஜனவரியில் ஹொலிவூட்டிலிருந்து வந்த அழைப்பை ஏற்று இந்தப் படத்துக்கு இசையமைக்கப் புறப்பட்டார். அவர் அமெரிக்காவில் வேலை தொடங்கியிருந்த வேளையில், மார்ச் மாதம், ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. பின்னாளில், ரொபின் ஹூட் தன் உயிரைக் காப்பாற்றினான் என்று அவர் சொல்வதுண்டு. அந்த இசைக்கு அவ்வாண்டு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. கதாநாயகனுக்கோ வாழ்நாளில் ஒருமுறைகூட ஒஸ்கார் நியமனம் கிடைக்கவில்லை.

இதற்கு இரண்டாண்டு முந்திய ஒரு படத்தை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 1854 ஒக்டோபர் 25இல், கிரிமியப் போரின்போது, தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட ஒரு கட்டளையால் பிரித்தானியக் குதிரைப்படை ஒன்று ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்குள் பாய்ந்து அழிந்தது. 1936இல் வந்த 'இலகு குதிரைப்படையின் பாய்ச்சல்' இந்த நிகழ்ச்சி பற்றியது. ஆனால் படத்தின் பெரும்பகுதி நடப்பது இந்தியாவில்! சூரத் கான் என்று ஒரு கற்பனை அரசன். அவன் ஒரு கோட்டையில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்று குவிக்கிறான். பிறகு ரஷ்யரோடு சேர்ந்து கிரிமியாவில் வந்து நிற்கிறான். அவனைப் பழிவாங்கவே கதாநாயகன் கட்டளையை வேண்டுமென்று மாற்றிக் குதிரைப்படையை ஏவுகிறான். 1857இல் கான்பூரில் நடந்ததை மூன்றாண்டு முன்னே இழுத்து, ஆங்கிலத் தளபதிகளின் மடைமையை ஓர் இந்தியனின் கொடுமையால் மூடிவிட்டார்கள். சரித்திரத்தைத் திரைக்கு ஏற்றவாறு வெட்டித் தைக்கும் இந்தக் கலையில் ஹொலிவூட் எவ்வளவு தேர்ந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அந்தப் படத்தில் குதிரைகளை விழுத்துவதற்குக் கால்களிலே கம்பி கட்டினார்கள். பல குதிரைகள் செத்தன. ஃபிளின் கொதித்துப் போனார் என்பதும், அதைப் பற்றி வெளியே முறையிட்டார் என்பதும் அவருடைய கணக்கில் நன்மையாக எழுத வேண்டியவை. நெறியாளர் மைக்கல் கேர்ட்டிஸ் ஹங்கேரி நாட்டவர். ஆங்கிலத்தை அவர் கொலை செய்வார். ஆளில்லாத குதிரைகள் வேண்டும் என்பதற்கு, வெறுமையான குதிரைகளைக் கொண்டுவாருங்கள் என்று ஒருநாள் கத்தினார். கேட்டுச் சிரித்தவர்களுள் ஒருவர் டேவிட் நிவென். 1975இல் தாம் எழுதிய ஹொலிவூட் நினைவு நூலுக்கு அவர் வைத்த பெயரே அதுதான். நிவெனும் ஃபிளினும் ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த நண்பர்கள்.

ஃபிளின், ரத்போன், நிவென் மூவரும் 1938இல் 'விடியற்காவல்' என்ற படத்தில் ஒன்றாக நடித்தார்கள். முதலாம் உலகப் போரின் விமானிகளைப் பற்றிய படம். நாள்தோறும் பச்சிளம் பையன்களைச் சாவுக்கு அனுப்பவேண்டிய அதிகாரியின் வேதனைதான் கதை. ஃபிளினின் படங்களில் நான் மீண்டும் பார்க்க விரும்பும் படம் எது என்று கேட்டால் ரொபின் ஹூட்டை விட்டு இதைத்தான் சொல்வேன். மூவரில் ரத்போன் உண்மையாகவே அந்தப் போரைப் பார்த்தவர். நிவென் மறு ஆண்டு, 1939இல், போர் மூண்டதும் ஹொலிவூட்டை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். நோமண்டி வரை போனார். மூன்றாமவர்?

அமெரிக்கா 1941 டிசம்பரில் போருக்குள் வந்தது. ஃபிளின் 1942 ஓகஸ்டில் அமெரிக்கப் பிரஜையானார். படையில் சேர முயன்றார். வைத்தியப் பரிசோதனையில் தகுதியற்றவர் என்று தள்ளிவிட்டார்கள். நியூகினியில் பிடித்த மலேரியா திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. முதுகு நோவு. நெஞ்சிலே காசநோயின் அடையாளம். இவற்றுக்கெல்லாம் மேலாக, முப்பத்து மூன்று வயதிலேயே இருதயம் பழுதுபட்டிருந்தது. அவ்வாண்டு 'ஜென்டில்மன் ஜிம்' என்ற குத்துச்சண்டைப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது படப்பிடிப்பிலேயே மயங்கி விழுந்தார். உலகத்தின் கண்ணுக்கு அந்த மனிதர் ஆரோக்கியத்தின் சிலை. உள்ளே நிலைமை இப்படி.

இதை வெளியே சொல்லியிருந்தால் பிரச்சினை அன்றே முடிந்திருக்கும். நிறுவனம் சொல்லவிடவில்லை. நோயாளியான வீரனைப் பார்க்க யார் காசு கொடுத்துப் படமாளிகைக்கு வருவார்கள்? ஆகவே படை மறுத்த காரணம் மறைக்கப்பட்டது. மறைத்ததோடு நிற்காமல் அவரைப் போர்ப் படங்களிலே தொடர்ந்து நடிக்க வைத்தார்கள். ஒன்றில் ஜெர்மனியின் நடுவே விழுந்த விமானி. ஒன்றில் நோர்வேக் கிராமத்து மீனவப் போராளி. இன்னொன்றில் கனடாவின் குதிரைப் பொலிஸ்காரன். உண்மைப் போருக்குப் போன பையன்களின் பெற்றோர் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? போருக்குப் பயந்தவன் என்ற பழி தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அதே காலத்தில்தான் வழக்கும் வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத இரண்டு பெண்களுடன் உறவு கொண்டார் என்ற குற்றச்சாட்டு. 1943 பெப்ரவரியில் அவர் விடுதலை செய்யப்பட்டார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தப் பெண்களின் நடத்தையைத் தோண்டியே வழக்கை வென்றார். இன்றைக்கு அதைப் படிக்கும்போது மனம் கசக்கிறது. வழக்கு அவருடைய வசூலைக் குறைக்கவில்லை. கூட்டியது. அவருடைய பெயரே ஒரு பகிடிச் சொற்றொடராக அமெரிக்கப் பேச்சு வழக்கில் புழங்கியது. அவரை இரசிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிப்போவது நியாயமில்லை.

இனிப் பர்மாவுக்கு வருவோம்.

1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான படம் 'இலக்கு: பர்மா!'. நெறியாளர் ரவுல் வோல்ஷ். சுமார் மூன்று டசின் அமெரிக்கச் சிப்பாய்கள் விமானத்திலிருந்து பர்மாக் காட்டில் குதிக்கிறார்கள். ஜப்பானியரின் ரேடார் நிலையம் ஒன்றைத் தகர்க்கிறார்கள். திரும்பிப் போக வரவேண்டிய விமானம் இறங்க முடியாமற் போக, காட்டு வழியே நடந்து நடந்து, ஒவ்வொருவராகச் செத்து, எஞ்சியவர்கள் மட்டும் தப்புகிறார்கள். தலைவன் கப்டன் நெல்சனாக ஃபிளின். துள்ளல் இல்லை, காதலி இல்லை, சிரிப்பும் அதிகமில்லை. களைத்துப்போன ஒரு மனிதனாக அவர் நடித்தார். நடிப்பிலே அவருடைய மிக நல்ல படங்களுள் ஒன்று என்று விமர்சகர்கள் பலர் இன்று ஒப்புக்கொள்கிறார்கள். பர்மாக் காடு என்று காட்டப்பட்டது கலிபோர்னியாவின் சாந்த அனிதாப் பகுதியில் ஒரு பழைய செல்வந்தரின் பண்ணை. நடித்தவர்களுள் உண்மையான வெப்பமண்டலக் காட்டையும் அதன் காய்ச்சலையும் உடம்பால் அறிந்தவர் ஃபிளின்தான் என்பதை யாரும் விளம்பரம் செய்யவில்லை. அந்தக் காய்ச்சலைத்தானே மறைக்க வேண்டியிருந்தது!

படம் 1945 செப்டெம்பரில் இலண்டனில் திரையிடப்பட்டது. ஜப்பான் சரணடைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பத்திரிகைகள் சீறின. பர்மாவை மீட்டவர்கள் அமெரிக்கர்களா? எங்கள் பிள்ளைகள் மூன்றரை ஆண்டு அந்தச் சேற்றில் கிடந்து செத்தார்களே, அவர்கள் எங்கே? ஒரு பத்திரிகையின் கேலிச்சித்திரத்தில், படப்பிடிப்பு நாற்காலியில் ஒய்யாரமாக அமர்ந்திருக்கும் ஃபிளினிடம், இறந்துபோன பிரித்தானியச் சிப்பாய் ஒருவனின் ஆவி, நீங்கள் கல்லறைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பணிவாக எடுத்துச் சொல்வதாக வரைந்திருந்தார்கள். ஒரு வாரத்திலே படம் திரும்பப் பெறப்பட்டது. ஏழாண்டு கழித்து, 1952இல், பிரித்தானியப் படைகளின் பங்கைச் சொல்லும் முன்னுரை ஒன்றைச் சேர்த்துத்தான் அங்கே மீண்டும் காட்ட முடிந்தது.

அந்தக் கோபத்திலே நியாயம் இருந்தது. பர்மாப் போர்முனையில் அமெரிக்கத் தரைப்படை மிகச் சிறியது. அவர்களுடைய பெயர்பெற்ற நீள்தூர ஊடுருவல் அணியில் ஏறத்தாழ மூவாயிரம் பேர். அமெரிக்க விமானங்களின் உதவி பெரிது. அதை மறுக்க முடியாது. ஆனால் இம்பாலில் ஜப்பானியரைத் தடுத்து, ஐராவதியைக் கடந்து, 1945 மே மாதம் ரங்கூனை மீட்ட பெரும் போரை நடத்தியது தளபதி வில்லியம் ஸ்லிம்மின் பதினான்காம் படை.

அந்தப் படைக்கு மேலே இருந்த தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் எங்கே இருந்தது? நம்முடைய பேராதனையில்! 1944 ஏப்ரிலில் மவுண்ட்பேட்டன் பிரபு தம்முடைய தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மரங்களுக்கு நடுவே கொட்டில்கள் எழுந்தன. கலிபோர்னியாவில் செயற்கைப் பர்மாவை அமைத்துக்கொண்டிருந்த நாட்களில், உண்மைப் பர்மாவின் வரைபடங்கள் மகாவலி வளைந்தோடும் அந்தப் பூங்காவிலே விரிந்து கிடந்தன. கிழக்காபிரிக்கரின் பதினோராவது டிவிஷன் இலங்கையில் தங்கியிருந்துதான் பர்மாவுக்குக் கப்பலேறியது.

பதினான்காம் படையிலே யார் இருந்தார்கள் என்று பாருங்கள். போரின் முடிவை அண்டி அதில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் இந்தியர்கள். கூர்க்காக்கள் இருந்தார்கள். கிழக்கு ஆபிரிக்கர், மேற்கு ஆபிரிக்கர் இருந்தார்கள். பிரித்தானியர் ஒரு பகுதி மட்டுமே. ஹொலிவூட் அந்தப் போரை அமெரிக்கருக்கு எழுதிக்கொடுத்தது. இலண்டன் பத்திரிகைகள், இல்லை, அது பிரித்தானியருக்குரியது என்று திருத்தம் போட்டன. அந்த வழக்கில் மூன்றாம் தரப்பாக வந்து வாய் திறக்க இந்தியச் சிப்பாய்க்குப் பத்திரிகை ஏது?

படத்துக்கு நியாயம் செய்வதற்காக ஒன்றைச் சொல்கிறேன். அதில் கூர்க்கா வழிகாட்டிகளும் ஒரு சீன அதிகாரியும் வருகிறார்கள். முடிவில் திரையில் ஓடும் எழுத்துக்களில் அமெரிக்க, பிரித்தானிய, சீன, இந்தியப் படையினருக்குப் படம் சமர்ப்பணம் செய்யப்படுகிறது. இந்தியர் என்ற சொல்லாவது இருக்கிறது. ஆபிரிக்கர் அதிலும் இல்லை. பர்மா என்றதும் நம்மவர் நெஞ்சில் எழும் நினைவுகளோ வேறு. 1942இல் ரங்கூனை விட்டுக் கால்நடையாக அஸ்ஸாம் நோக்கி வந்த இந்தியர்கள், அவர்களுள் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களைப் பற்றி எந்த வோர்னரும் படமெடுக்கவில்லை.

இன்னுமொரு செய்தி. இந்தப் படத்தின் கதை, வசனத்தில் பங்குபற்றிய மூவருள் அல்வா பெஸ்ஸி, லெஸ்டர் கோல் ஆகிய இருவரும் இடதுசாரிகள். பெஸ்ஸி ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே பிராங்கோவுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியவர். போர் முடிந்தபின் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியபோது, விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்த 'ஹொலிவூட் பதின்மர்' என்பவர்களுள் இருவரும் அடங்குவர். 1950இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். அமெரிக்கப் புகழ் பாடியதாகப் பிரித்தானியர் குறைகூறிய படத்தை எழுதியவர்களை, அமெரிக்கத் துரோகிகள் என்று அமெரிக்காவே உள்ளே தள்ளியது.

ஃபிளினும் ஸ்பெயினுக்குப் போனவர்தான். 1937இல் வேடிக்கை பார்க்கப் போனார். அங்கே அவர் இறந்துவிட்டார் என்றுகூட ஒரு பொய்ச் செய்தி பரவியது. அந்தப் பயணத்தில் கூடப் போன ஹேர்மன் ஏர்பன் என்ற ஒஸ்திரிய வைத்தியரின் சகவாசம், இருவருக்கும் வயது போன காலத்திலல்ல, ஃபிளின் செத்து இருபது ஆண்டின் பின் வினையாக வந்தது. ஏர்பன் பின்னாளில் ஜெர்மன் உளவாளியாக வேலை செய்தவர். இதை வைத்துக்கொண்டு 1980இல் சார்ள்ஸ் ஹைம் என்ற எழுத்தாளர், ஃபிளினும் நாஜி உளவாளிதான் என்று ஒரு புத்தகம் எழுதினார். உலகமெங்கும் பத்திரிகைகள் அதை அள்ளிப் போட்டன. அதற்கு ஆதாரமாக ஓர் ஆவணமும் இல்லை. 1990இல் டோனி தோமஸ் என்பவர் ஒரு மறுப்பு நூலே எழுதினார். மகள்மார் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். இறந்தவரை அவதூறு செய்தல் என்று சட்டத்தில் ஒரு குற்றமில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. உயிரோடு இருந்தபோது இல்லாத வீரத்தை அவர்மேல் ஏற்றினார்கள். செத்தபின் செய்யாத துரோகத்தை ஏற்றினார்கள்.

போருக்குப் பிந்திய ஃபிளினின் கதையை நீட்ட விரும்பவில்லை. மது, கடன், மணமுறிவு, தோல்விப் படங்கள். 'கிம்' படத்துக்காக இந்தியாவுக்கு வந்து போனார். சொந்தப் பணத்தை இறைத்துத் தொடங்கிய 'வில்லியம் டெல்' இடையிலே நின்றுபோயிற்று. ஜமைக்காவில் நிலம் வாங்கிக் குடியிருந்தார். 'கப்டன் பிளட்' கதையில் அவரை அடிமையாக விற்றது அந்தத் தீவிலேதான். ஆனால் ஒரு நல்ல அத்தியாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 1946இல் 'சாகா' என்ற தம்முடைய பாய்க்கப்பலில் தந்தை தியடோரையும், கார்ல் ஹப்ஸ் என்ற மீனியல் அறிஞரையும் ஏற்றிக்கொண்டு கடலாராய்ச்சிப் பயணம் ஒன்று போனார். ஹப்ஸ் பின்பு விவரித்த மீனினங்களுள் ஒன்றுக்கு எரோலின் பெயரையும் இன்னொன்றுக்கு அப்போதைய மனைவி நோராவின் பெயரையும் சூட்டினார். இரண்டும் தனி இனங்களல்ல என்று பிற்கால அறிஞர்கள் நீக்கிவிட்டார்கள். அந்தப் பெயரும் நிலைக்கவில்லை.

1959 ஒக்டோபரில், பணமுடை காரணமாக அந்தக் கப்பலைப் பேரம் பேசக் கனடாவின் வன்கூவர் நகருக்குப் போனார். 14ஆம் திகதி அங்கேயே மாரடைப்பால் இறந்தார். வயது ஐம்பது. பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் கண்டது அதைவிட மிக மூத்த ஒருவருடைய உடம்பை. இருதயக் குழாய்கள் அடைபட்டு, ஈரல் கெட்டுக் கிடந்தன. 1942இல் இராணுவ வைத்தியர்கள் கண்டுபிடித்ததையும் நிறுவனம் மறைத்ததையும் பதினேழு ஆண்டு கழித்து எல்லோரும் அறிந்துகொண்டார்கள்.

முதல் மனைவி லிலி டமீட்டா மூலம் அவருக்கு ஒரே மகன். பெயர் ஷோன். 1941இல் பிறந்தவர். தந்தையின் முகவெட்டு அப்படியே. 1962இல் 'கப்டன் பிளட்டின் மகன்' என்றே ஒரு படத்தில் அவரையும் வாளோடு நிறுத்தினார்கள். சில படங்களோடு சலித்துப் போனார். புகைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு வியட்நாம் போர்முனைக்குப் போனார். அங்கே அவர் எடுத்த படங்கள் பெரிய சஞ்சிகைகளில் வந்தன. 1970 ஏப்ரில் 6ஆம் திகதி, கம்போடியாவில், டானா ஸ்டோன் என்ற இன்னொரு படப்பிடிப்பாளருடன் மோட்டார் சைக்கிளில், எதிரணியினர் மறித்து வைத்திருந்த நெடுஞ்சாலைப் பக்கம் போனார். இருவரும் திரும்பவில்லை. தாய் ஆண்டுக்கணக்காகப் பணம் செலவழித்து ஆள்விட்டுத் தேடினார். 1984இல் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். 1994இல் தாயும் காலமானார். 2010இல் கம்போடியாவில் தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அவை ஷோனுடையவை அல்ல.